ஞாயிற்றுக்கிழமையும் ஓடிய மில்

நடுவிரலை மடக்கி முட்டியால் ஒரு தட்டு. காதைப் பக்கத்தில் கொண்டுபோய் ஒரு நொடி நிற்கிறார். அவ்வளவுதான், தீர்ப்பு ஆகிவிட்டது. சூளையிலிருந்து இறங்கிய பீங்கான் யானை நல்லதென்றால் அமிர்தத்தின் வலப்பக்கக் கூடைக்குப் போகிறது. கீறல் இருந்தால் இடப்பக்கக் குவியலுக்கு. நல்ல பொம்மை கணீரென்று பதில் சொல்லும், கீறியது டொக்கென்று முனகும். கண்ணுக்கே தெரியாத மயிரிழைக் கீறலும் அந்த முட்டிக்குத் தப்பியதில்லை. இடப்பக்கம் போகிறவற்றை அவர் சும்மா அனுப்புவதும் இல்லை. "போ மவராசி. மூக்கும் முழியும் லட்சணமா இருந்து என்னா பிரயோஜனம், உள்ளார ஒடஞ்சி கெடக்கறியே" என்று ஒரு மயிலுக்கு வழியனுப்பு நடத்திவிட்டு அடுத்ததை எடுக்கிறார்.

விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் பொம்மை செய்யும் கொட்டகை ஒன்றில், கல்யாணமாகி வந்த மறு வருடத்திலிருந்து அமிர்தம் வேலை பார்க்கிறார். இப்போது வயது நாற்பத்தைந்தை நெருங்குகிறது. ஒல்லி உடம்பு, உயரமும் இல்லை. ஆனால் வாய் மட்டும் எட்டு ஊருக்குக் காணும். கொட்டகைக்குள் நுழைகிற எவரும் அவரிடம் ஒரு வார்த்தை வாங்காமல் வெளியே போனதில்லை. முதலாளிக்கும் அதில் விலக்கு கிடையாது.

தட்டிப் பார்க்கிற பழக்கம் கொட்டகையோடு நிற்கவில்லை. பண்ருட்டிப் பலாப்பழத்தைத் தட்டுவார், தேங்காயைத் தட்டுவார். அதையெல்லாம் ஊரே செய்யும். அமிர்தம் டீக்கடைக் கண்ணாடி டம்ளரைத் தட்டி, "இதுல ஊத்தாதீங்க, நாளைக்குக் கீறல் வுட்டுடும்" என்று கடைக்காரரிடம் திருப்பிக் கொடுப்பார். மகள் கவிப்ரியாவுக்கு மாப்பிள்ளை வீடு பார்க்கச் சேத்தியாத்தோப்பு போனபோது, மாப்பிள்ளையின் அம்மா அறை அறையாகக் காட்டிக்கொண்டு முன்னால் போக, இவர் பின்னால் சுவர் சுவராகத் தட்டிக்கொண்டே போயிருக்கிறார். திரும்பும்போது கணவரிடம் சொன்னது ஒரே வாக்கியம்: "செவுரு நல்லா இருக்குதுங்க, குடுக்கலாம்." மகள் இன்று அந்த வீட்டில் சௌக்கியமாகத்தான் இருக்கிறாள்.

கணவர் பச்சமுத்து லோடு ஆட்டோ ஓட்டுகிறார். வைக்கோல் வைத்துக் கட்டிய பொம்மைப் பெட்டிகளை ரயிலடிக்கும், மங்கலம்பேட்டைக் கடைகளுக்கும் கொண்டுபோய் இறக்குவது அவர் வேலை. மனைவி பேசுகிற பேச்சில் பத்தில் ஒரு பங்குகூடப் பேசமாட்டார். மூட்டை தூக்குகிற தோளும் முறுக்கு மீசையுமாக ஆள் பார்க்க அய்யனார்தான். ஆனால் ஆஸ்பத்திரி என்றால் பயம். தம்பி பல் பிடுங்கிக்கொள்ளத் துணைக்குப் போய், பல் பிடுங்கியவன் எழுந்து நிற்க, இவர் மயங்கி விழுந்த கதை அந்தத் தெருவில் எல்லோருக்கும் மனப்பாடம்.

கொட்டகையின் ஒரு மூலையில் மண் அரைக்கிற மில் இருக்கிறது. ஆள் உயர இரும்பு உருளை. களிமண்ணையும் கல்பொடியையும் தண்ணீரையும் கூழாங்கற்களோடு உள்ளே போட்டு மூடிவிட்டால், உருண்டு உருண்டு எல்லாம் மோர் போல அரைபட்டு வரும். அந்தக் கூழைத்தான் அச்சில் ஊற்றிப் பொம்மை எடுக்கிறார்கள். மில் ஓடுகிற நேரமெல்லாம் தொம் தொம்மென்று தரை அதிரும். பக்கத்தில் நிற்கிறவரின் பல்லும் அதிரும்.

புதிதாக வேலைக்கு வந்தவருக்குச் சில மாதத்தில் ஒரு விசித்திரம் நடக்கும். லீவு நாளில் வீட்டில் சும்மா படுத்திருக்கும்போது, மார்புக்குள் அந்தத் தொம் தொம் கேட்கும். கொட்டகையில் அதற்கு 'மில்லு ஏறுறது' என்று பெயர். மில் ஏறிவிட்டது என்று ஒருத்தி திங்கட்கிழமை வந்து சொன்னால், அன்றைக்கு எல்லோருக்கும் அவள் செலவில் டீயும் போண்டாவும். அதன்பிறகுதான் அவள் கொட்டகைக்காரி. அதுவரை விருந்தாளி.

அமிர்தத்துக்கு ஏறிய மில் மற்றவர்களுடையதைப் போல அடங்கிக் கிடக்கவில்லை. சமைத்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று கிளம்பும். தறிகெட்டு ஓடும். பிறகு பட்டென்று நிற்கும். அவருக்கு அதில் பெருமை வேறு. "உங்க மில்லெல்லாம் ஞாயித்துக்கெழம மட்டுந்தான் ஓடுது. எனக்கு தீவாளிக்குக்கூட லீவு வுடாது" என்பார். கூட வேலை பார்க்கிற ராஜம்மாள், "உனக்கு மொதலாளி ரெண்டு சம்பளம் குடுக்கணும்டி" என்பார். கொட்டகையே சிரிக்கும். ஊர்ப் பொம்மைகளின் கீறலையெல்லாம் காதால் பிடிக்கிறவர், தன் நெஞ்சில் கேட்டதை மட்டும் மில் என்று வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் வேடிக்கை பேசிக்கொண்டிருந்தார். தன் முதுகு தனக்குத் தெரியாது என்று சும்மாவா சொன்னார்கள்.

பிறகு பாதம் வீங்கியது. நின்றே வேலை செய்கிறோம், வீங்காமல் என்ன செய்யும் என்றார்கள். தண்ணீர்க் குடத்தோடு வாசல்படி ஏறினால் மூச்சு வாங்கியது. வயசாகுது என்றார்கள். அமிர்தமும் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அவரைக் கடைசியில் ஆஸ்பத்திரிக்குத் தள்ளியது நோய் அல்ல, மானம்.

அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சூளை காணாத பச்சைப் பொம்மைகளை நீளப் பலகையில் வரிசையாக நிறுத்தி, முன்னே ஒருத்தி பின்னே ஒருத்தியாகத் தூக்கிப்போய் காயவைக்க வேண்டும். ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் குனிந்து, ஒரே நேரத்தில் நிமிர வேண்டும். ஒருத்தி இமைப்பொழுது முந்தினாலும் பலகை சாய்ந்து, அத்தனையும் தரைக்கு வந்துவிடும். அமிர்தமும் ராஜம்மாளும் தூக்கிய பலகை என்றால் அதில் தண்ணீர்ச் சொம்பை வைத்தாலும் சிந்தாது என்று பெயர். ஒரு நாள் காலை, நிமிர்ந்த மாத்திரத்தில் அமிர்தத்தின் முழங்கால் மடிந்தது. பலகை நிறைய நின்ற கிளிகள் அவ்வளவும் சரிந்தன. உடைந்த பச்சைப் பொம்மைக்கு நட்டமில்லை. தொட்டித் தண்ணீரில் போட்டால் கரைந்து மறுபடி கூழாகிவிடும். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனாலும் அமிர்தம் தரையில் உட்கார்ந்து கிளிகளைப் பொறுக்கியபடியே அழுதுவிட்டார். அவர் அழுது அந்தக் கொட்டகை பார்த்ததில்லை. ராஜம்மாள் அப்போதே பச்சமுத்துவுக்குப் போன் போட்டார்.

அரசு ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுத்தார்கள். காகிதத்தை வெகுநேரம் பார்த்த டாக்டர், "படபடப்பு எப்பலேர்ந்து இருக்குதும்மா?" என்று கேட்டார்.

"அது மில்லு ஏறுனதுலேர்ந்துங்க சார்."

"என்ன ஏறினது?"

அமிர்தம் விளக்கினார். ஞாயிற்றுக்கிழமை, தீபாவளி, டீ, போண்டா எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "நாளைக்கே பாண்டிக்குப் போயிடுங்க" என்றார்.

புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. இதயத்தின் துடிப்புக் கோளாறுகளைப் பார்க்கிற டாக்டர் பூர்ணிமா, கவிப்ரியாவைவிட ஏழெட்டு வயதுதான் மூத்தவராக இருப்பார். ஸ்கேன் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார். இதயம் துடிப்பதற்கு உள்ளே மின்சாரம் ஓடுகிறது, எல்லோருக்கும் அதற்கு ஒரே பாதை. அமிர்தத்துக்குப் பிறவியிலேயே இன்னொரு குறுக்குவழி இருக்கிறது. அந்த வழியாக வருகிற மின்சாரம் இதயத்தின் ஒரு பக்கத்துச் சுவரை முன்கூட்டியே எழுப்பிவிடுகிறது. சில நேரம் இரண்டு வழிக்கும் நடுவே சுற்றிச் சுற்றி ஓடுகிறது, அதுதான் படபடப்பு. இத்தனை வருடமாகச் சுவர்கள் ஒன்றாகச் சேர்ந்து துடிக்காததால், இதயம் இப்போது பாதி பலத்தில்தான் வேலை செய்கிறது. தொடை ரத்தக்குழாய் வழியாக மெல்லிய கம்பி ஒன்றை உள்ளே செலுத்தி, அந்தக் குறுக்குவழியைச் சூடு வைத்து அடைத்துவிடலாம்.

அமிர்தம் கையெடுத்துக் கும்பிட்டார். "வேணாங்க டாக்டரம்மா. மாத்திர குடுங்க, இருக்கற வரைக்கும் இருந்துட்டுப் போறன்."

"ஏம்மா?"

"உள்ளார கீறிப்போனதுங்க. கீறுனத எந்தக் கொம்பன் வந்தாலும் ஒட்ட முடியாது. அத ஒதுக்கிப் போடறதுதான் எனக்கு வேலையே."

பச்சமுத்து மனைவியின் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டார். டாக்டர் பூர்ணிமா அவசரப்படுத்தவில்லை; அந்தப் பெண்ணை இதற்காகவே பாராட்ட வேண்டும். அமிர்தத்தை மறுபடி ஸ்கேன் அறைக்கு அழைத்துப்போய்ப் படுக்கவைத்து, திரையை அவர் பக்கம் திருப்பினார். சாம்பல் நிறத்தில் அவருடைய இதயம் அவர் கண்ணுக்கு எதிரே அசைந்துகொண்டிருந்தது.

அமிர்தம் பார்த்தார்.

"இந்தப் பக்கத்துக்காரி முன்னாடியே எழுந்துக்கறா" என்றார் மெதுவாக. "அந்தப் பக்கத்துக்காரி அப்பறமா எழுந்துக்கறா. பலக எப்படிங்க நிக்கும்?"

பலகைக் கதையைக் கேட்டுத் தெரிந்துகொண்ட டாக்டர், "அதேதாம்மா. முந்தறவங்கள நிறுத்திட்டா ரெண்டு பேரும் ஒண்ணா தூக்குவாங்கன்னு நெனைக்கிறோம்" என்றார்.

"அதில்லைங்க. இத்தினி வருசமா தப்பாத் தூக்கித் தூக்கி இது வீணாப் போயிருக்கும்ல? எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இது சுட்டதா, இன்னும் பச்சையாத்தான் இருக்குதா?"

டாக்டர் புரியாமல் விழித்தார். வாய் திறக்காத பச்சமுத்துதான் அப்போது வாயைத் திறந்தார். "சூளையில வெந்தது ஒடஞ்சா குப்பைக்குத்தாங்க. வேவாதது ஒடஞ்சா கரைச்சி திரும்பச் செஞ்சிக்கலாம். அதக் கேக்குது." அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி அமிர்தமே கேட்டதில்லை.

டாக்டர் பூர்ணிமாவுக்கு இப்போது புரிந்தது. "மாரடைப்பு வந்தவங்களுக்கு இதயத்துல தழும்பு விழுந்துடும். அது திரும்பாது. உங்களுக்குத் தழும்பு எதுவும் தெரியல. சோர்ந்துதான் போயிருக்குது. பச்சைன்னுதாம்மா சொல்லுவேன். ஆனா உறுதி குடுக்க மாட்டேன். அந்தக் குறுக்குவழி நல்ல வழிக்குப் பக்கத்துலயே போகுது. கொஞ்சம் பிசகினா நல்ல வழி அடைபட்டு, பேஸ்மேக்கர் வைக்க வேண்டி வரலாம்."

"பச்சைன்னு சொல்லிட்டீங்கல்ல, போதும். செய்யுங்க."

சிகிச்சை நடந்தபோது அவருக்கு முழு மயக்கம் தரவில்லை. டாக்டர்களே அந்தப் படபடப்பை வேண்டுமென்று கிளப்பிப் பார்த்து, குறுக்குவழி எங்கே ஓடுகிறது என்று தேடினார்கள். "மில்லு வந்துச்சா?" என்று டாக்டர் கேட்க, "வந்துடுச்சி, வந்துடுச்சி. புடிங்க அத" என்று அமிர்தம் படுத்தபடியே சத்தம் போட்டாராம். வெளியே பச்சமுத்து உட்காரவில்லை, சாப்பிடவில்லை, மயங்கியும் விழவில்லை. கதவுக்கு எதிரே, அங்கே நட்டுவைத்த கம்பம் போல நின்றார். அந்த மனிதரை அறிந்தவர்களுக்குத் தெரியும், உள்ளே நடந்ததற்குக் கொஞ்சமும் குறைந்த காரியமல்ல அது. சூடு பட்ட இரண்டொரு நொடியில் திரையில் கோடு மாறியது. டாக்டர் "போயிடுச்சு" என்றார். நல்ல பாதைக்குச் சேதமில்லை. வெளியே தள்ளிக்கொண்டு வந்தபோது அமிர்தம் கணவரிடம் சொன்ன முதல் வார்த்தை: "ஏங்க, கரெண்டு போன மாதிரி கம்முனு இருக்குதுங்க."

ஆனால் குறுக்குவழி அடைபட்டதும் பலம் அன்றைக்கே திரும்பிவிடவில்லை. அதற்கு மாதங்கள் ஆகும், ஆகாமலும் போகலாம் என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பினார். சிகிச்சையைவிட அந்தக் காத்திருப்புதான் அமிர்தத்தைப் படுத்தியது. உப்புக் குறைக்கச் சொன்னார்கள். கருவாட்டுக் குழம்பு இல்லாத சோற்றை அவர் சோறு என்று ஒத்துக்கொள்வதில்லை. குடம் தூக்கக் கூடாது என்றார்கள். பச்சமுத்து விடியலில் தெருக்குழாயில் பெண்களோடு வரிசையில் நின்றார். கேலி செய்தவர்களிடம், "அதுக்கென்னா இப்ப" என்று மட்டும் சொன்னார். கொட்டகைக்குத் திரும்பியபோது முதலாளி உட்கார்ந்தே செய்கிற வேலையாகக் கொடுத்தார். பலகை வேறொருத்தியின் கைக்குப் போயிற்று. அவர்கள் தூக்கிக்கொண்டு கடந்து போகும்போதெல்லாம் அமிர்தம் பார்வையைத் திருப்பிக்கொள்வார். கேலிப் பேச்சும் குறைந்துபோனது. "பச்சைன்னு சொன்னாங்களே யக்கா, ஒருவேள வெந்துபோயிருந்தா?" என்று ராஜம்மாளிடம் ஒரு தடவை கேட்டார்.

மறு ஸ்கேனுக்குப் பாண்டி போகவேண்டிய நாள் வந்தது. லோடு ஆட்டோவை எடுக்க வேண்டாம் என்று பச்சமுத்துவே சொல்லிவிட்டார். "இன்னிக்கு என்னால ஓட்ட முடியாது. பஸ்ஸுல போயிடலாம்."

ஸ்கேன் முடிந்தது. டாக்டர் பூர்ணிமா பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டுக் காட்டினார். அமிர்தத்துக்கு விளக்கம் தேவைப்படவில்லை. ரெண்டு பக்கமும் ஒன்றாக எழுந்து, ஒன்றாக இறங்கின. "நல்ல இதயத்துக்கு என்ன பலமோ, கிட்டத்தட்ட அது வந்துடுச்சும்மா. இனி எந்த வேலையும் பாக்கலாம்" என்றார் டாக்டர். அமிர்தத்துக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. பச்சமுத்து வெளியே போய், குழாயடியில் முகம் கழுவிக்கொண்டு வந்தார். வெகுநேரம் கழுவியிருந்தார்.

திரும்புகிற பஸ்ஸில் கடலூரிலிருந்தே நிற்க இடமில்லாத கூட்டம். இருவரும் நின்றுகொண்டு வந்தார்கள். வடலூரில், அமிர்தத்தின் கையிலிருந்த பெரிய ஸ்கேன் கவரைப் பார்த்துவிட்டு ஒருவர் எழுந்தார். "ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வரீங்களாம்மா? உக்காருங்க."

அமிர்தம் பச்சமுத்துவின் தோளைப் பிடித்து அந்த இருக்கையில் அழுத்தினார்.

"எனக்கு என்னாத்துக்கு? நீ உக்காரு."

"உக்காருங்க சொல்றேன். காலையிலேர்ந்து ஒரு வாய் டீகூடக் குடிக்கல நீங்க."

உட்கார்ந்தவர், பஸ் வடலூரைத் தாண்டும் முன்பே தூங்கிப்போனார். எத்தனை மாதத்துத் தூக்கமோ, தலை முன்னால் சரிந்து முன்சீட்டின் கம்பியில் மோதப் போனது. நெய்வேலிப் பக்கம் சாலையை வெட்டிப் போட்டிருந்தார்கள். பஸ் தூக்கித் தூக்கிப் போட்டது. அமிர்தம் ஒரு கையால் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு உள்ளங்கையை விரித்து, முன்சீட்டுக் கம்பிக்கும் கணவரின் நெற்றிக்கும் நடுவில் கொடுத்தார்.

நெய்வேலியில் பாதிக் கூட்டம் இறங்கியது. கண்டக்டர் காலியான சீட் ஒன்றைக் காட்டி, "வந்து உக்காருங்கம்மா, விருத்தாசலம் இன்னும் தூரம் இருக்குது" என்றார். அமிர்தம் கையை அசைக்காமல், தலையை மட்டும் ஆட்டி வேண்டாம் என்றார்.